பூசணத்தின் கொழுப்பு

என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்வது அந்த நாளில் என் வழக்கம். "பூசணத்துல இருக்கிற கொழுப்பைப் பத்தி ஆராய்ச்சி" என்பேன். வத்தலக்குண்டில் எங்கள் தெருவில் அதற்கு ஒரே பதில்தான். "ஏன்டி, ஒனக்கு இருக்கிற கொழுப்பு பத்தலையா?" சித்தி கேட்டாள், பெரியப்பா கேட்டார், மருந்துக்கடைக்காரர்கூடக் கேட்டார். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். அவர்கள் விளையாட்டாகச் சொன்னதில் எவ்வளவு நிஜம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ரொட்டியில் வருகிற பூசணம் எல்லோருக்கும் தெரியும். நான் படித்தது வேறு கூட்டம். நாற்பத்தைந்து, ஐம்பது டிகிரிச் சூட்டில்தான் அவற்றுக்கு உயிரே வரும். நம்மைத் தூக்கி அந்தச் சூட்டில் போட்டால் ஒரு நாள் தாங்கமாட்டோம்; அவை அங்கே செழித்து வளரும். இப்படிப்பட்டதைத் தேடிக் கொடைக்கானல் குளிருக்கு ஏன் போனாய் என்று கேட்டால், எருக்குவியலைக் கிளறிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பெருமாள்மலையில் ஒரு பீன்ஸ் தோட்டத்தின் ஓரத்தில் சாணமும் வைக்கோலும் இலைதழையும் கொட்டி வைத்திருந்தார்கள். மார்கழிக் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்தக் குவியலில் கம்பியை விட்டுக் கிளறினால் குபுகுபுவென்று ஆவி வரும். உள்ளே வெப்பமானியைச் செருகினால் ஐம்பதைத் தாண்டி நிற்கும். அங்கிருந்துதான் என் பூஞ்சைகளைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கொழுப்பு விஷயம் இன்னும் எளிது. கொடைக்கானலில் என் விடுதி அறையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும். வெந்நீரில் போட்டு எடுத்தால்தான் தலைக்குத் தேய்க்கலாம். பக்கத்திலேயே இருக்கிற நல்லெண்ணெய் அதே குளிரில் தண்ணீராக ஓடும். பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் இந்த இரண்டு மாதிரியான கொழுப்பும் உண்டு. சூட்டில் வளரும்போது உறைகிற வகையைக் கூட்டிக்கொள்ளும், இல்லையென்றால் சவ்வு இளகி ஒழுகிவிடும். அதே பூஞ்சையைச் சூடு குறைந்த இடத்தில் வளர்த்தால் உறையாத வகை கூடும், இல்லையென்றால் சவ்வு விறைத்துப்போகும். ஆக, கொழுப்பைப் பிரித்து அளந்து பார்த்தால் அது எத்தனை டிகிரியில் வளர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். என் ஆராய்ச்சியே அவ்வளவுதான். அது என்னையே காட்டிக்கொடுக்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

நான் படித்த கல்லூரி கொடைக்கானலில். ஆய்வகத்தில் மூன்று பேர்தான். என் வழிகாட்டியான மேடம், நான், அப்புறம் அக்கா. அக்கா என்றால் ஆய்வகத்தின் உதவியாளர். குடுவைகளைக் கழுவுவார், கிருமி சாக ஆவியில் வைத்து எடுப்பார், தரையைத் துடைப்பார், பல்லி விழுந்தால் எடுத்துப் போடுவார், என் எழுத்துப் பிழையைத் தவிர எல்லாவற்றையும் சரி செய்வார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஆனாலும் என்னை "மிஸ்" என்பார், "வாங்க, போங்க" என்பார். எனக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான்.

"என்ன பூசண மிஸ், மூணு சால்வையா? கீழ்நாட்டு ஒடம்பு. ஒங்களையும் அந்தப் பொட்டிக்குள்ள வச்சு மூடுனாத்தான் மொளைப்பீங்க போல."

அந்தப் பெட்டி என்பது இன்குபேட்டர். சின்ன பீரோ அளவுக்கு இருக்கும். உள்ளே கம்பித் தட்டுகள், கதவுக்குப் பக்கத்தில் ஒரு திருகு. திருகை எந்த எண்ணில் வைக்கிறோமோ அந்தச் சூடு உள்ளே மாறாமல் இருக்கும். பழைய பெட்டி, எண்கள் தேய்ந்துபோயிருந்தன. அதனால் ஐம்பதுக்கு நேராக என் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். அந்தக் கட்டடத்திலேயே சூடான ஒரே பொருள் அதுதான். மழைக்காலத்தில் நாங்கள் அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்போம். ஆனால் கதவைத் திறந்து பூஞ்சையைத் தவிர வேறெதையும் உள்ளே வைக்கக்கூடாது. மேடத்தின் சட்டம் அது. எனக்கு முன்னால் படித்த ஒருத்தி அதில் இட்லியைச் சுடவைத்து மாட்டிக்கொண்டாளாம். அவளை மேடம் படுத்திய பாட்டைக் கல்லூரியே கதையாகச் சொல்லும்.

அக்கா பதினோரு வருஷமாக டெம்பரரி. அந்த வருஷம் ஒரே ஒரு இடத்தைப் பர்மனெண்ட் ஆக்கப்போவதாகச் செய்தி வந்தது. துறையிலிருந்து பரிந்துரைக் கடிதம் போனவருக்குத்தான் கிடைக்கும். அடுத்த வருஷம் அக்கா வயது வரம்பைத் தாண்டிவிடுவார், ஆகவே இதை விட்டால் அவருக்கு வேறு வாய்ப்பு கிடையாது. இது எனக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும். பர்மனெண்ட் ஆனால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"காய்ச்சல் வந்தா ஒரு நாள் படுப்பேன் மிஸ்" என்றார். "பயமில்லாம படுக்கணும். வேறென்ன."

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆய்வகத்திலும் பூஜை உண்டு. நுண்ணோக்கிக்கும் தராசுக்கும் இன்குபேட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, அக்காதான் எல்லாம் செய்வார். பூஜை போட்ட பொருளை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது அவர் கட்சி. "அதுகளும் நம்ம மாதிரித்தான மிஸ், ஒரு நாளாச்சும் ஓயட்டும்" என்று வருஷா வருஷம் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுவார். அந்த வருஷம் மேடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: இன்குபேட்டரை மட்டும் நிறுத்தக்கூடாது, மதுரையில் கொழுப்பைப் பிரித்துப் பார்க்கும் கருவிக்கு நாள் வாங்கியிருக்கிறோம், இந்த முறை வளர்ப்பது அதற்காக. சரி மேடம் என்றார் அக்கா.

பூஜைக்கு முதல் நாள் பெருமாள்மலையிலிருந்து நான் தொப்பலாக நனைந்து வந்தேன். ஸ்வெட்டர் பச்சை நிறம், புதுசு, வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கொடைக்கானல் மழையில் கம்பளி நனைந்தால் காய நாலு நாள், நாற்றம் போகப் பத்து நாள். மறுநாள் ஊருக்குப் போகவேண்டும். மேடம் கிளம்பிவிட்டார், இன்குபேட்டர் காலியாக இருந்தது. ஸ்வெட்டரை உள்ளே விரித்துப் போட்டேன். ஐம்பதில் வைத்தால் கம்பளி சுருங்கிவிடுமே என்று பயந்து திருகை முப்பத்தெட்டுக்கு இறக்கினேன். எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என் ஸ்வெட்டர்மேல்.

மறுநாள் காலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஸ்வெட்டரை உருவி மாட்டிக்கொண்டேன், பூஞ்சை விதைத்த குடுவைகளை உள்ளே அடுக்கினேன், கதவைச் சாத்தினேன், ஓடினேன். பூஜை, விஜயதசமி, சனி, ஞாயிறு என்று நான்கு நாள் வத்தலக்குண்டில் வெயிலில் கிடந்தேன். சுண்டலும் கொழுக்கட்டையும் தின்றேன். திருகு என் நினைவுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் தாமதம். நான் ஆய்வகத்துக்குள் நுழையும்போது மேடம் கையில் ஒரு குடுவையை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்கு நாளில் கனத்த பாயாக விரிந்திருக்க வேண்டிய பூஞ்சை, பாலாடை மாதிரி மெலிசாகப் படர்ந்திருந்தது. இன்குபேட்டரின் ஸ்விட்ச் அணைந்திருந்தது. அதன் பக்கத்தில் அக்கா ஈரத்துணியோடு நின்றார்.

"பூஜைக்கு ஓய்வு குடுத்துட்டியா? படிச்சுப் படிச்சு சொன்னேனே!" என்றார் மேடம்.

"சத்தியமா இல்ல மேடம். இன்னைக்குக் காலைல வெள்ளனே வந்தேன். சந்தனமெல்லாம் வழிஞ்சு கெடந்துச்சு. ஈரத்துணி வச்சுத் தொடைக்கணுமேன்னு இப்பத்தான் நிப்பாட்டுனேன். கால் மணி நேரங்கூட ஆகல."

"கால் மணி நேரத்துல இப்படி ஆகுமா? ரெண்டு நாளாவது நிறுத்திட்டு, பயந்துபோய் மறுபடி போட்டிருக்க. பதினோரு வருஷம் ஆச்சுல்ல, யாரு என்ன கேக்க முடியும்கிற கொழுப்பு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, அந்த அளவுக்கு அது எனக்குப் பழகிய சொல். அடுத்த நொடி மேடம் என் பக்கம் திரும்பினார்.

"நீ வச்சிட்டுப் போறப்ப எவ்வளவுல இருந்துச்சு?"

அப்போதுதான் ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. திருகைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளிக்கு நேராக நின்றது, துல்லியமாக ஐம்பதில். அப்பாடா, மறக்காமல் திருப்பி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்பதுல மேடம்" என்றேன்.

திருப்பி வைத்த ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் திருகு அங்கே நிற்கிறதே, வேறென்ன வேண்டும்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினேன். அதுவரை செய்தது மறதி, அதற்கு மன்னிப்பு உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு செய்ததற்குத்தான் கிடையாது.

மதுரைக்கு நாள் வாங்கியாயிற்று, கைவசம் இருப்பதைக் கொண்டுபோ என்று மேடம் அனுப்பினார். அந்த மெலிந்த பூஞ்சையையும் எடுத்துப் போனேன். கருவியிலிருந்து தாள்கள் வந்தன. ஒவ்வொரு கொழுப்பு அமிலத்துக்கும் ஒரு கூம்பு, எது அதிகமோ அது உயரம். திரும்பி வரும் பஸ்ஸில், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், தாள்களை மடியில் விரித்தேன். ஐம்பதில் வளர்ந்திருந்தால் உறைகிற வகையின் கூம்பு ஓங்கி நிற்கவேண்டும். இதில் உறையாத வகை ஓங்கியிருந்தது. இரண்டு மாதம் முன்பு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நானே வேண்டுமென்று முப்பத்தெட்டில் வளர்த்த பூஞ்சையின் தாள் பையில் இருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே தாளின் நகல் போல இருந்தன.

யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. நான்கு நாளும் பெட்டியை அணைத்துப் போட்டிருந்தால் கொடைக்கானல் குளிரில் அந்தப் பூஞ்சை துளிகூட முளைத்திருக்காது. இரண்டு நாள் அணைத்து இரண்டு நாள் போட்டிருந்தால், வளர்ந்தவரை ஐம்பதின் கொழுப்புதான் இருந்திருக்கும். இது முதல் நாளிலிருந்து கடைசிவரை முப்பத்தெட்டில் வளர்ந்த பூஞ்சை. அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. திருகு எப்படி ஐம்பதுக்கு வந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டிருக்கலாம். பயத்தில் மூளை வேலை செய்யவில்லை.

பரிந்துரைக் கடிதம் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. இரண்டு முழு நாள். மேடத்தின் அறைக்குப் போய், "ஸ்வெட்டர் காயப்போட்டேன் மேடம், நான்தான்" என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும். திட்டுவார், ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார், இட்லிக்காரியின் கதையோடு ஸ்வெட்டர்காரியின் கதையும் சேரும். அவ்வளவுதானே? என் படிப்பு நின்றுவிடாது, தலை போகாது. என் வாயில் அன்றைக்கு என்ன கொழுக்கட்டையா இருந்தது?

மேடம் தாள்களைக் கேட்டார். மற்றவற்றைக் கொடுத்துவிட்டு, "அந்தக் கெட்டுப்போன பேட்ச் மட்டும் சரியா வரல மேடம்" என்றேன். அது என் முதல் முழுப் பொய். தாள் அப்போது என் பைக்குள் இருந்தது.

அன்று மதியம் அக்கா குடுவை கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"மிஸ், நீங்க ஒரு வார்த்த சொன்னா மேடம் கேப்பாங்க."

"பாக்கலாம்க்கா" என்றேன்.

மறுநாள் தேநீர் குடிக்கும்போது மேடமே பேச்சை எடுத்தார். கோபம் தணிந்திருந்தது, கொஞ்சம் தயங்கினார் என்றே நினைக்கிறேன். "பாவம், நல்லா வேலை செய்யறவதான். ஆனா பொய் சொல்லிட்டாளே, அதான் உறுத்துது. நீ என்ன நினைக்கிற?"

உண்மையைச் சொல்ல ஒரு கதவு தானாகத் திறந்து நின்றது. நான் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தேன்.

"நீங்க பாத்துச் செய்யுங்க மேடம்" என்றேன்.

எங்கள் துறையிலிருந்து கடிதம் போகவில்லை. இடம் வேறு துறையில் ஒருவருக்குப் போயிற்று. அக்கா அதற்காக அழவோ சண்டை போடவோ இல்லை. குடுவைகளைக் கழுவினார், ஆவியில் வைத்தார். ஆனால் அதற்குப் பிறகு என்னைப் பூசண மிஸ் என்று கூப்பிடவில்லை, வெறும் மிஸ்தான். வருஷக் கடைசியில் வேலையிலிருந்து நின்றுகொண்டார். ஏதோ காட்டேஜில் அறை சுத்தம் செய்கிற வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். போகிற அன்று நான் ஊரில் இருந்தேன். வேண்டுமென்றே ஊரில் இருந்தேன் என்று எழுதினால்தான் சரியாக இருக்கும்.

என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவருக்கு ஒரு பத்தி இருக்கிறது. 'இன்முகத்துடன் உதவிய ஆய்வகப் பணியாளருக்கு.' எழுதிய கையை உடைக்க வேண்டும்.

இப்போது நான் கீழே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பாடம் வரும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் என்று உதாரணம் சொல்வேன், பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஒரு மணி நேரம் கரண்ட் போனால் கொழுப்பு மாறிவிடுமா மேடம் என்று எவளாவது ஒருத்தி கேட்பாள். மாறாது என்று சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையாவது அழிப்பேன். நான் சொல்லாமல் விட்டதை இப்படி வருஷா வருஷம் நாற்பது பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன கோடையில் ஒரு கூட்டத்துக்காகக் கொடைக்கானல் போய்த் திரும்பும்போது, பெருமாள்மலையில் தேநீருக்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். கடையோரம் ஊதாநிற மேல்கோட்டோடு, டீ கிளாஸும் கையுமாக அக்கா நின்றுகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"அட, மிஸ்ஸா! சதை போட்டுட்டீங்களே."

காட்டேஜ் வேனுக்காக நிற்பதாகச் சொன்னார். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். இன்னும் அறை சுத்தம் செய்கிற சோலிதானாம், சீசனில் மூச்சுவிட நேரமில்லையாம். போன மாதம் காய்ச்சலோடு மாடிப்படி ஏறி விழுந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடை வாசலில், கையில் டீ கிளாஸோடு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஸ்வெட்டர், முப்பத்தெட்டு, மதுரைத் தாள், மேடத்திடம் சொன்ன பொய், பிஸ்கட் வரைக்கும்.

அக்கா டீயை ஒரு மிடறு குடித்தார்.

"தெரியும் மிஸ்."

"என்னக்கா தெரியும்?"

"பூச அன்னைக்கு நான் திருகக் கவனிக்கல. திங்கக்கெழம வெள்ளனே வந்து பாக்குறப்ப திருகு செவப்புப் புள்ளிக்குக் கீழ கெடந்துச்சு. உள்ள கம்பித்தட்டுல பச்சக் கம்பளிப் பிசிரு ஒட்டியிருந்துச்சு. சின்னப் பிள்ள, மேடம் கொன்னுருவாங்களேன்னு பிசிரை எடுத்துப் போட்டுட்டு நாந்தான் அம்பதுக்குத் திருப்பி வச்சேன்."

"ஏங்க்கா சொல்லல? மேடம் அவ்வளவு பேசுனாங்களே!"

"எதைச் சொல்ல? நாந்தான் அழிச்சுட்டேனே. இன்னொருத்தர் மேல பழி போடுறேன்னுதான் சொல்லுவாங்க. அதோட, மேடம் ஒங்கள்ட்ட கேட்டாங்கல்ல. நீங்க சொல்லிருவீங்கன்னு ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்." கிளாஸை மேஜையில் வைத்தார். "அப்புறமும் ஒரு வார்த்த சொல்லுங்கன்னு நானே வந்து கேட்டேன். அது சிபாரிசுக்குக் கேட்டது இல்ல மிஸ்."

இத்தனை வருஷம், அவருக்கு எதுவும் தெரியாது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்திருக்கிறது. அன்றுதான் அது எனக்கே தெரிந்தது, அப்போதே அது போயும்விட்டது. இப்போதாவது கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், மேடம் ஓய்வுபெற்றிருந்தாலும் அவரிடம் போய்ச் சொல்கிறேன் என்று உளறினேன். மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்தேன். சோப்பிலும் பினாயிலிலும் வெடித்துச் சொரசொரப்பாக இருந்தது அந்தக் கை.

வேன் வந்து நின்றது. அக்கா கையை மெதுவாக உருவிக்கொண்டார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

"இப்பச் சொல்றீங்களே மிஸ், இது யாருக்காகச் சொல்றீங்க?"

கேட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டார், வேன் போயிற்று. என் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். இதை எழுதி முடித்து, முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். இதுவும் எனக்காகத்தான்.